"வீடுதான் பக்கத்தில் இருக்கிறதே" என்று சொல்லும் பெற்றோருக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கு, அப்பாக்களுக்கு, கேட்காமலேயே கருத்துச் சொல்லும் பெரியப்பாக்களுக்கு, சித்திகளுக்கு,

வணக்கம்.

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் இனிப்பு வாங்குகிறீர்கள், கோவிலில் அர்ச்சனை செய்கிறீர்கள், ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்கிறீர்கள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவள் மெல்ல ஒரு பேச்சை எடுப்பாள். வளாகத்திலேயே விடுதிக் கல்லூரி இருக்கிறதாம், விண்ணப்பிக்கட்டுமா? "வீடுதான் பக்கத்தில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு?" என்பீர்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். அவள் மறுபடியும் கேட்கமாட்டாள். கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்றாகிவிடும்.

நான் சிங்கப்பூரில் அப்படியொரு சிறிய விடுதிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டாகத் தங்கிப் படிக்கிறேன். புதிதாக வர விரும்புகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்க்கும் மாணவர் குழுவிலும் இருக்கிறேன். தமிழ்ப் பெண்கள் எங்களுக்கு எழுதும்போது அறை எப்படி, பாடம் எப்படி என்று கேட்பது குறைவு. "அம்மாவிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது, அக்கா?" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. எத்தனை நாளைக்கு அவர்களுக்கே பதில் எழுதிக்கொண்டிருப்பது? முடிவெடுப்பவர்கள் நீங்கள். ஆகவே உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஊரில் படித்துவிட்டு இங்கே குடியேறிய அம்மாக்களுக்கு ஹாஸ்டல் என்றால் வாசலில் வாட்ச்மேன், பொழுது சாய்ந்ததும் பூட்டும் கேட், வார்டனிடம் கையெழுத்து. இங்கேயே பிறந்த அப்பாக்களுக்கு ராணுவ முகாமின் இரும்புக் கட்டில்தான் கண்முன் வரும். விடுதிக் கல்லூரியில் இவை எதுவும் கிடையாது. 2011இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் பல்கலைக்கழக நகரைத் திறந்தபோது இந்த முறை இங்கே வேர்விட்டது. ஒரு கல்லூரிக்கு அறுநூறு பேர் போல இருப்பார்கள். கீழே சாப்பாட்டுக் கூடமும் வகுப்பறைகளும், மேலே அறைகள். கல்லூரித் தலைவரும் சில ஆசிரியர்களும் அதே கட்டடத்தில் குடியிருப்பார்கள். பொறியியலோ சட்டமோ அவரவர் பட்டப்படிப்பு அவரவர் துறையில் நடக்கும். அதோடு சில பாடங்களைக் கல்லூரிக்குள்ளேயே சிறு வகுப்பாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் இதே பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய, 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த யேல்-என்யுஎஸ் கல்லூரியில் மாணவர்கள் எல்லோருமே உள்ளே தங்கித்தான் படித்தார்கள். அது 2025இல் மூடப்பட்டுவிட்டது. தங்கிப் படிக்கும் முறை மற்றக் கல்லூரிகளில் தொடர்கிறது. அந்தப் பல்கலைக்கழக நகரில் தெம்புசு என்று மரத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. உங்கள் பணப்பையில் ஐந்து வெள்ளி நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள், அதே மரம் பின்பக்கம் நிற்கும்.

இனி 'பக்கம்' என்ற வாதத்துக்கு வருகிறேன். தீவே சின்னது, ஒப்புக்கொள்கிறேன். தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறி, கிளமெண்டியில் இறங்கி, 96ஆம் எண் பேருந்துக்கு வரிசையில் நின்று, வகுப்புக்குப் போய்ச் சேர்ந்து பாருங்கள். ஜூரோங்கின் கோடியில் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் பூன் லே வரை ரயில், அங்கிருந்து 179 அல்லது 199. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், பலர் பொறுத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் உருப்படியான காரியம் பாதிக்குமேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கும். குழுப்பாட வேலைக்கு ஆறு பேரும் ஒன்றாகக் கிடைக்கும் நேரம் இரவு ஒன்பது. தமிழ்ப் பேரவையின் நாடக ஒத்திகை முடியப் பதினொன்றாகும். வீட்டிலிருந்து வருகிற பெண் அப்போதுதான் கடைசி ரயிலை நினைத்துப் பையைத் தூக்குவாள். நள்ளிரவில் ரயிலிலிருந்து இறங்கிப் புளோக் அடியில் தனியாக நடந்து வருகிறாள், நீங்கள் சன்னலோரம் விழித்திருக்கிறீர்கள். அவள் நாலாவது மாடிக்குப் படியேறினால் அறை வந்துவிடும் என்ற ஏற்பாட்டைவிட இது எந்த வகையில் பாதுகாப்பு?

மகன் விஷயத்தில் உங்கள் கணக்கே வேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவனை ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் படகேற்றி அனுப்புகிறீர்கள். இரண்டு ஆண்டு தேசிய சேவை. மொட்டை அடிக்கிறார்கள், காட்டில் படுக்க வைக்கிறார்கள், கையில் துப்பாக்கி கொடுக்கிறார்கள். அணிவகுப்பு நாளில் நீங்கள் கண்கலங்கிப் படம் பிடித்து, "பையன் ஆளாகிவிட்டான்" என்று உறவினர்களுக்கு அனுப்புகிறீர்கள். அது சட்டம், வேறு வழியில்லை என்பீர்கள். சரி. சட்டத்துக்காக அவனை விட்டீர்கள், விட்டதால் அவன் கெட்டுப்போகவில்லை, பொறுப்பு வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதே வயதில் தங்கை ஒன்றரை மணி நேரத் தொலைவில், அறைக்குச் சாவியும் கட்டட வாசலுக்கு அட்டையும் உள்ள இடத்தில் தங்கக் கேட்டால் மட்டும் குடும்ப கௌரவம் குறுக்கே வருகிறது. நான் பார்த்தவரை, தமிழ்ப் பையன்கள் விடுதிக்கு வர வீட்டில் கேட்டுப் போராடியதாகச் சொல்லவே இல்லை. சேவை முடித்துவிட்டு வருவதால் கேட்கும் பழக்கமே அவர்களுக்கு விட்டுப்போயிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று உண்டு, அதையும் பேசிவிடுவோம். 2019இல் இங்கே ஒரு பல்கலைக்கழக விடுதியில் குளித்துக்கொண்டிருந்த மாணவியை ஒருவன் ஒளிந்து படமெடுத்ததும், அவர் அதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தியைக் காட்டித்தான் என் தோழி ஒருத்தியை அவள் வீட்டில் தடுத்தார்கள். அதற்குப் பின் நடந்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகங்கள் தண்டனை விதிகளைக் கடுமையாக்கின, குளியலறைகளின் பாதுகாப்பைக் கூட்டின. அதே ஆண்டு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றமாயின. ஆபத்தே இல்லாத இடம் என்று எந்த இடத்தையும் நான் சத்தியம் செய்யமாட்டேன். மின்தூக்கியிலும் ரயிலிலும் நடப்பது நமக்குத் தெரியாததா? ஏதாவது நடந்தால் வாயைத் திறந்து புகார் கொடுக்கும் தைரியம் அவளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். "வெளியே சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பயம் வீட்டில் இருந்தால், அந்தத் தைரியம் வராது.

சரி, உள்ளே நாள் எப்படிப் போகிறது?

எங்கள் பகுதியில் ஆறு அறை, பொதுவாக ஒரு குளியலறை. தெம்பனிஸ்ஸிலிருந்து ஒரு மலாய்ப் பெண், ஹனோயிலிருந்து உபகாரச் சம்பளத்தில் வந்தவள் ஒருத்தி, ஹவ்காங், உட்லண்ட்ஸ், பினாங்கு, பிறகு நான். முதல் சண்டை வடிகாலில் அடைத்துக்கொண்ட தலைமுடியால் வந்தது. யாரோ மிகப் பணிவான ஆங்கிலத்தில் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். விசாரணை நடந்தது. ஆறு பேருக்கும் நீளமான கறுப்பு முடி என்பதால் குற்றவாளி அகப்படவில்லை. வாரத்துக்கு ஒருத்தி சுத்தம் செய்வது என்று முறை வைத்தோம். முறை தவறுகிறவள் மற்றவர்களுக்குக் கோப்பி வாங்கித் தர வேண்டும். வீட்டில் அம்மா சத்தமில்லாமல் செய்துவைத்த வேலை அது. அதற்கு இத்தனை பேச்சுவார்த்தை தேவைப்படும் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சலவை அறைக் கதை இன்னும் பெரிது. அங்கே ஆள் நிற்பதில்லை, வாளிதான் வரிசையில் நிற்கும். இயந்திரம் நின்று வெகுநேரமாகியும் உரியவர் வராவிட்டால் அவருடைய துணியை அடுத்தவர் தொடலாமா? இதற்காகக் கூட்டம் போட்டு வாக்கெடுத்திருக்கிறோம். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு அவருடைய வாளியிலேயே எடுத்துப் போடலாம் என்று முடிவாயிற்று. மடித்து வைக்க வேண்டுமா என்ற கிளைக்கேள்விக்கு அரை மணி நேரம் விவாதம் நடந்தது. சட்டம் படிக்கும் மூத்தவர் ஒருவர் முன்னுதாரணங்களை எல்லாம் எடுத்துக் காட்டினார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பருவத்தில் தலைமைத்துவப் பயிலரங்கு என்று எங்களை உட்காரவைத்துச் சொன்னதில் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. இந்தத் துணிப் பஞ்சாயத்து நிற்கிறது.

மாலையில் சாப்பாட்டுக் கூடம். நீள மேசைகள். தட்டோடு யார் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். பக்கத்தில் பேராசிரியர் இருப்பார், அவருடைய சின்ன மகன் நூடல்ஸை மேசையில் சிந்திக்கொண்டிருப்பான். ஒருநாள் தத்துவப் பாடத்தில் உயிர்காப்புக் கருவியை எப்போது நிறுத்தலாம் என்று படித்துவிட்டு வந்தவர்கள் மேசையில் வெளுத்துவாங்கிக்கொண்டிருந்தார்கள். தாதிமை படிக்கும் பெண் வாயே திறக்காமல் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, மருத்துவமனைப் பயிற்சியில் தான் பார்த்த ஒரு குடும்பம் அந்த முடிவை எடுத்த விதத்தை, யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் பேசினார்கள் என்று அப்படியே சொன்னாள். மேசை அடங்கிவிட்டது. கீழே கூடம் மூடும் வரை அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ரயிலேறுகிறவளுக்கு இது எந்தப் பாடத்திட்டத்தில் வரும்?

சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள். கட்டாய உணவுத் திட்டம். காலையும் இரவும் கொடுப்பார்கள். சைவத்துக்குத் தனி முகப்பு உண்டு, ஹலால் உண்டு, இந்திய உணவும் உண்டு. பருப்பில் பருப்பைத் தேட வேண்டும், சாம்பார் லேசாக இனிக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவள் அதை வாங்காமல் இருந்தால் போதும், யாரும் வாயில் ஊட்டமாட்டார்கள். நாக்கு செத்துப்போனால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்க் கறிவேப்பிலையும் புளியும் வாங்கிவந்து, தளத்தின் பொதுச் சமையலறையில் ரசம் வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கூரையில் உள்ள புகையுணர் கருவிக்கும் காய்ந்த மிளகாய்க்கும் ஆகாது. போன ஆண்டு ஒரு தங்கச்சி நடுராத்திரியில் சன்னலைத் திறக்காமல் தாளித்துவிட்டாள். மணி அலறியது. கட்டடமே இரவு உடையோடு கீழே இறங்கியது, கல்லூரித் தலைவர் உட்பட. அவள் அவமானத்தில் படிப்பையே விட்டுவிடுவாளோ என்று பயந்தோம். அடுத்த தேர்தலில் அவளைத் தளப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த முகம் அவளுடையதுதானே!

உங்களுக்கு 2011 நினைவிருக்கும். பக்கத்து வீட்டுக் கறி வாசனை பிடிக்கவில்லை என்று ஒரு குடும்பம் புகார் செய்து, சமரசம் பேசி, இந்தியக் குடும்பம் அவர்கள் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைக்க ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தது. பிறகு ஆகஸ்ட் 21ஆம் தேதி இனபேதமில்லாமல் மக்கள் வீடுவீடாகக் கறி சமைத்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் எல்லா இனமும் கலந்து குடியிருக்க வேண்டும் என்ற கொள்கை 1989இலிருந்து இருக்கிறது. கலந்து இருக்கிறோம், உண்மை. மின்தூக்கியில் தலையசைக்கிறோம், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொடுக்கிறோம், கதவைச் சாத்திக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரோடு அடுப்பையும் குளிர்பெட்டியையும் பகிர்ந்துகொள்ள யாரும் நம்மைக் கேட்டதில்லை. நோன்பு மாதத்தில் தெம்பனிஸ் தோழி விடியுமுன் எழுந்து சாப்பிடும்போது, மறுநாள் தேர்வுக்காக விழித்திருக்கும் நாங்களும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அம்மாவின் சம்பால் டப்பா காலியானதற்கு இதுதான் காரணம்.

காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? போன பருவத்தில் பினாங்குப் பெண்ணுக்கு டெங்கி. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனது ஹனோய், ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை எழுதிவைத்தது ஹவ்காங், கஞ்சி என் பொறுப்பு. என் கஞ்சியை அவள் குடித்ததைவிடக் கீழே ஊற்றியதுதான் அதிகம். தளத்துக்குப் பொறுப்பான மூத்த மாணவர் இரவில் இரண்டு முறை வந்து பார்த்தார். அவள் அம்மா பினாங்கிலிருந்து வந்து சேருவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

"அங்கே போனால் தமிழ் மறந்துபோகும்" என்பது அடுத்த வாதம். கோபித்துக்கொள்ளாதீர்கள். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 36.7 விழுக்காடு. 2020இல் அது 27.9. அந்தப் பத்தாண்டில் அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே இருந்தார்கள்? உங்கள் வீட்டில்தான். விடுதியில் என்னோடு இருப்பவர்கள் ஈரோட்டிலிருந்து வந்த பொறியியல் மாணவி, ஜோகூர் எஸ்டேட் குடும்பத்துப் பையன், யாழ்ப்பாணப் பாட்டியிடம் வளர்ந்த ஒருத்தி. ஒருவர் தமிழ் மற்றவருக்குப் பாதிதான் புரியும்; அதற்காகவே பேசுகிறோம். தாய்மொழித் தேர்வை முடித்த நாளோடு மூட்டை கட்டி வைத்த தமிழை நான் மறுபடி எடுத்தது இங்கே வந்துதான். இந்த மடலைக்கூடப் பள்ளியில் எழுதியிருக்கமாட்டேன்.

பணம் வேறு விஷயம். அறைக்கும் உணவுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். மத்திய சேமநிதிக் கல்விக் கடனைக் கல்விக் கட்டணத்துக்குத்தான் எடுக்கலாம், அறை வாடகைக்கு எடுக்க முடியாது. அவ்வளவு பணத்துக்கு வழியில்லை என்று சொல்கிற அப்பாவிடம் எனக்கு வாதமே இல்லை. கல்லூரியின் உதவிநிதி இருக்கிறது, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் கல்வி உதவித் திட்டங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஆனால் பணம் இருந்தும் இல்லை என்று காரணம் சொல்லாதீர்கள். மகளுக்கு உங்கள் வீட்டு நிலவரம் உங்களைவிட நன்றாகத் தெரியும். அதேபோல, அவளுக்கே விருப்பமில்லை என்றால் பெருமைக்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். பாவமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை என்றதும் நினைவு வருகிறது. சம்மதித்த பெற்றோரில் பலர் பாதிதான் சம்மதிக்கிறார்கள். வெள்ளி மாலை காரோடு வாசலில் நிற்பார்கள், ஞாயிறு இரவு கொண்டுவந்து விடுவார்கள். தினமும் இரவு பத்து மணிக்கு வீடியோ அழைப்பு, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது, அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் அத்தை மகனை உளவுக்கு வைப்பது. இதற்கு அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், வாடகையாவது மிஞ்சும். சனி, ஞாயிறுதான் கல்லூரியில் அவசரமில்லாத நேரம். தளத்தில் எல்லோரும் சேர்ந்து சமைப்பதும், நடந்தே கடலோரம் போவதும் அப்போதுதான். அதில் இல்லாதவள் திங்கட்கிழமை மறுபடி விருந்தாளியாக வருகிறாள். மாதம் ஒரு வாரக்கடைசி வீட்டுக்கு வரட்டும். தீபாவளிக்குக் கட்டாயம் வருவாள். 2026இல் அது நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் திங்களும் விடுமுறை, எண்ணெய்க் குளியலுக்கு அவகாசம் தாராளம். அதன் பிறகு தேர்வு நெருங்கிவிடும் என்பதால் திங்கள் இரவே கிளம்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். முறுக்கை மட்டும் கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள், தளத்தில் கேட்பார்கள்.

ஆகஸ்டில் அவள் குடிபுகும் நாளில் பெட்டியைத் தூக்க வாருங்கள். மேசை மின்விசிறி, வாளி, மூடியுள்ள டப்பாக்கள் போதும். அறைக்குள் சோற்றுப்பானைக்கு அனுமதி இல்லை, ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சாமி படம் வைக்கலாம், ஊதுபத்தி கொளுத்தக்கூடாது. அவளோடு தங்கப்போகும் பெண்களையும் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அவர்களுடைய அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்காமல் கிளம்புங்கள்.

விண்ணப்பம் என்றைக்கு முடிகிறது என்று என்னிடம் கேட்க வேண்டாம். அவளைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும்.

அன்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி